ஜான் பென்னிகுவிக்

கர்னல் ஜான் பென்னிகுவிக் (ஜனவரி 15, 1841 – மார்ச் 9, 1911) முல்லைப் பெரியாறு அணையை வடிவமைத்துக் கட்டி முடித்த பிரித்தானியப் படைப் பொறியாளர் ஆவார். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி மேற்கே அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்றின் நீரில் ஒரு பகுதியை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகையின் வழியாக மதுரைச் சமவெளிக்குக் கொண்டுவந்த திட்டம் இவரது தலைமையில் 1887 முதல் 1895 வரை நிறைவேற்றப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் உழவர்கள் இவரைத் தம் முன்னோர்களுள் ஒருவராகவே கருதிப் போற்றி வருகின்றனர். இவரது பெயர் தமிழில் பென்னி குக், பென்னிகுயிக், பென்னிக்விக் எனப் பலவாறு எழுதப்படுகின்றது.

இவரைப் பற்றித் தமிழகத்தில் வழங்கும் செய்திகளில் ஆவணங்களில் காணப்படும் வரலாறும் மக்களிடையே வழங்கும் வாய்மொழிக் கதைகளும் கலந்துள்ளன. இக்கட்டுரை இவ்விரண்டையும் கூடிய வரையில் பிரித்துக் கூறுகின்றது.

பிறப்பும் இளமையும்

ஜான் பென்னிகுவிக் இந்தியாவின் புனே நகரில் பிறந்தார். இவரது தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுவிக் என்பதே. பிரித்தானியப் படையில் உயர் அதிகாரியாக இருந்த அவர், இரண்டாம் ஆங்கிலேய-சீக்கியப் போரின்போது 1849 ஜனவரி 13 அன்று சில்லியன்வாலா என்னுமிடத்தில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். அதே சண்டையில் இவரது அண்ணன் அலெக்சாண்டரும் உயிரிழந்தார். அப்போது பென்னிகுவிக்கிற்கு எட்டு வயது நிறைவடைய இரண்டு நாட்களே இருந்தன.

இங்கிலாந்தில் செல்ட்டன்காம் கல்லூரியில் பள்ளிக் கல்வி பெற்ற இவர், பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படை அதிகாரிகளைப் பயிற்றுவித்து வந்த அடிஸ்கோம்பு படைப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். பொறியியற் பிரிவில் தேறி, 1858ஆம் ஆண்டு சென்னைப் பொறியாளர் படையில் அதிகாரியாக அமர்த்தப்பட்டார். 1860இல் இந்தியா வந்து சேர்ந்தார்.

படைப்பணியும் பொதுப்பணித் துறையும்

அக்காலத்தில் இந்தியாவில் பாலங்கள், சாலைகள், கால்வாய்கள் முதலியவற்றைக் கட்டியவர்களில் பலர் படைப் பொறியாளர்களே. பென்னிகுவிக்கும் அவ்வாறே சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். இடையே, 1867-68ஆம் ஆண்டுகளில் அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியா) மீது பிரித்தானியர் மேற்கொண்ட படையெடுப்பில் பங்கேற்றுப் பதக்கம் பெற்றார். 1879இல் கிரேஸ் சார்ஜியானா சேமியர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஐந்து மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர். தந்தையின் பெயரையே தாங்கிய அம்மகன் பிற்காலத்தில் இங்கிலாந்தில் நீதிபதியாக விளங்கினார். பென்னிகுவிக் துடுப்பாட்டத்தில் (கிரிக்கெட்) மிகுந்த ஈடுபாடு உடையவர்.

மதுரைச் சமவெளியின் நீர்ச் சிக்கல்

பென்னிகுவிக்கின் பெயர் எதனால் நிலைத்தது என்பதை அறிய, அவர் எதிர்கொண்ட சிக்கலின் தன்மையை அறிதல் வேண்டும்.

கோடையின் இறுதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று, அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகின்றது. காற்று மேலெழுந்து குளிர்வதால் மலையின் மேற்குச் சரிவில் பெருமழை பொழிகின்றது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அக்காற்றில் ஈரம் குறைந்துவிடுகின்றது. இதனால் மதுரைச் சமவெளி மழை மறைவுப் பகுதியாக உள்ளது. இங்கு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 85 செ.மீ. மழையே பெய்கின்றது. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையாகச் சில வாரங்களில் பெய்து தீர்ந்துவிடும். வருசநாட்டு மலையில் தோன்றும் வைகை, ஆண்டின் பல மாதங்களில் மணல் ஆறாகவே காட்சியளித்தது. இந்நிலையைச் சமாளிக்கவே முன்னோர் ஆயிரக்கணக்கான கண்மாய்களை வெட்டி, வைகையின் வெள்ளத்தை அவற்றில் தேக்கினர். ஆற்றில் வெள்ளம் வராத ஆண்டுகளில் கண்மாய்களும் வறண்டன.

இதே மலையின் மறுபுறத்தில், சில கிலோ மீட்டர் தொலைவிலேயே, பெரியாறு ஆண்டின் பெரும்பகுதியில் நீர் நிறைந்து ஓடியது. கேரளத்தின் மிக நீளமான இவ்வாற்றின் நீரில் பெரும்பகுதி கடலில் கலந்தது. இரு நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் பிரிப்பது ஒரு மலைமுகடே. அம்முகட்டை நீர் கடக்குமாறு செய்வது எப்படி என்பதே பலரும் நூறாண்டுக் காலம் சிந்தித்த வினா ஆகும்.

முந்தைய முயற்சிகள்

பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் பென்னிகுவிக்கிற்கு உரியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை இதற்கான வாய்ப்பை ஆராயச் செய்தார் என்றும், செலவு மிகுதியாக இருந்ததால் அம்முயற்சி கைவிடப்பட்டது என்றும் கூறப்படுகின்றது. வைகையின் கடைமடையில் உள்ள இராமநாதபுரமே நீர்ப்பற்றாக்குறையால் முதலில் துன்புறும் பகுதி என்பது இங்கு நோக்கத்தக்கது.

1808இல் ஜே. எல். கால்டுவெல் என்னும் படைப் பொறியாளர் இடத்தைப் பார்வையிட்டார். நீரைக் கிழக்கே கொண்டுவர நூறு அடிக்கும் கூடுதலான ஆழத்திற்கு மலையை வெட்ட வேண்டியிருக்கும் என்று கண்டு, திட்டம் இயலாதது என்று அறிக்கை அளித்தார். 1850இல் சிறு அளவில் ஒரு மண் அணை கட்டும் பணி தொடங்கப்பட்டது. காய்ச்சலின் கொடுமையாலும், அத்தகைய இடத்தில் பணிபுரியத் தொழிலாளர்கள் கூடுதல் கூலி கேட்டமையாலும் அது நின்றுபோனது. 1860களில் ஜே. ஜி. ரைவ்ஸ் என்னும் பொறியாளர் 62 அடி உயர மண் அணை ஒன்றைக் கட்டும் திட்டத்தை அளித்தார். அது குறித்த வாதங்கள் பல ஆண்டுகள் நீண்டன.

பெரும் பஞ்சமும் திட்டத்தின் பொருளியலும்

வாதம் நடந்துகொண்டிருந்தபோதே 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் வந்தது. தமிழகத்தில் தாது வருடப் பஞ்சம் என்று நினைவுகூரப்படும் இப்பஞ்சத்தில் ஐம்பது லட்சத்திற்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகின்றது. சென்னை மாகாணமே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதியாகும். மதுரை மாவட்டமும் இதற்கு விலக்கன்று. பஞ்சத்தை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் 1880இல் அளித்த அறிக்கையில், எதிர்காலப் பஞ்சங்களைத் தடுக்கப் பாசனப் பணிகளை விரிவாக்குமாறு பரிந்துரைத்தது.

எனினும், பஞ்சத்தைத் தடுக்கும் என்ற காரணம் மட்டும் ஒரு பெருந்திட்டத்திற்கு அன்றைய அரசிடமிருந்து பணம் பெறப் போதுமானதாக இருக்கவில்லை. கடன் வாங்கிச் செய்யப்படும் பாசனப் பணிகள், தண்ணீர்த் தீர்வையின் மூலம் அக்கடனுக்கான வட்டியையாவது ஈட்டித் தர வேண்டும் என்று அரசு எதிர்பார்த்தது. ஆகவே, பெரியாற்றுத் திட்டத்தை வகுப்பவர் அணை நிற்கும் என்பதோடு, எவ்வளவு நீர் வரும், அதனால் எத்தனை ஏக்கர் நிலம் விளையும், எவ்வளவு தீர்வை கிடைக்கும் என்பவற்றையும் கணக்கிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

1882இல் திருத்திய திட்டத்தையும் மதிப்பீட்டையும் அணியம் செய்யும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அளித்த திட்டம் 1884இல் ஏற்கப்பட்டது.

குத்தகை உடன்படிக்கை

அணை கட்ட வேண்டிய இடம் திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள் இருந்தது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் 1886 அக்டோபர் 29 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. திருவிதாங்கூரின் சார்பில் திவான் வி. இராமையங்காரும், பிரித்தானிய அரசின் சார்பில் ஜே. சி. ஹானிங்டனும் இதில் கையெழுத்திட்டனர். அப்போது திருவிதாங்கூர் மன்னராக இருந்தவர் மூலம் திருநாள் ஆவார். ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாக அளிக்கப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய் வீதம் 40,000 ரூபாய் குத்தகைத் தொகையாக வகுக்கப்பட்டது.

இவ்வுடன்படிக்கையில் இரு குறைகள் பிற்காலத்தில் சுட்டப்பட்டன. ஒன்று, அது சமநிலையில் இல்லாத இரு தரப்பினருக்கு இடையே ஏற்பட்டது என்பதாகும். திருவிதாங்கூர் மனமின்றியே இசைந்தது என்ற கருத்து கேரளத்தில் பரவலாக உள்ளது. மற்றொன்று, பணத்தின் மதிப்பு காலப்போக்கில் குறையும் என்பதைக் கருதாமல் குத்தகைத் தொகை நிலையாக வைக்கப்பட்டது என்பதாகும். 1970இல் தமிழகமும் கேரளமும் செய்துகொண்ட துணை உடன்படிக்கையின்படி குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மீன்பிடி உரிமை கேரளத்திற்கும், மின்னாக்க உரிமை தமிழகத்திற்கும் அதில் அளிக்கப்பட்டன.

அணையின் வடிவமைப்பு

பொதுவாக அணை என்பது நீரைச் சேமிப்பதற்காகக் கட்டப்படுவது. பெரியாற்றில் சேமிப்பதைக் காட்டிலும் நீர்மட்டத்தை உயர்த்துவதே முதன்மை நோக்கமாக இருந்தது. ஆற்றின் மட்டம் கிழக்கு முகட்டைவிட மிகத் தாழ்வாக இருந்ததால், முகட்டைக் குடைந்து ஒரு சுரங்கம் அமைத்து, அச்சுரங்கத்தின் வாய் வரையில் நீரை உயர்த்துவது என்று பென்னிகுவிக் திட்டமிட்டார். இதனால் அணையில் 104 அடிக்குக் கீழே நிற்கும் நீர் இன்றும் தமிழகத்திற்கு வருவதில்லை. அதற்கு மேல் உயரும் நீரே சுரங்கத்தின் வழியாகப் பாய்கின்றது. அணையின் உயரம் குறித்த ஒவ்வொரு அடிக்கும் இரு மாநிலங்களும் வாதிடுவதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

இவர் செய்த மற்றொரு முக்கியமான மாற்றம், மண் அணைக்கு மாற்றாகக் கல்லும் சுண்ணாம்புக் கலவையும் கொண்ட எடையணையைத் தேர்ந்தெடுத்ததாகும். மழைக்காலத்தில் பெரியாற்றில் வரும் வெள்ளத்தை முழுவதுமாக வேறு வழியில் திருப்பிவிட்டு அணை கட்டுவது இயலாத செயல். அரைகுறையாகக் கட்டப்பட்ட மண் அணையின் மீது வெள்ளம் பாய்ந்தால் அது கரைந்துவிடும். கற்கட்டட அணையின் மீது வெள்ளம் பாய்ந்தாலும் கட்டிய பகுதி நிற்கும். அடுத்த பருவத்தில் பணியைத் தொடரலாம்.

எடையணை என்பது தன் எடையினாலேயே நீரின் தள்ளுவிசையை எதிர்த்து நிற்பது. நீரின் அழுத்தம் ஆழத்திற்கு ஏற்ப மிகுவதால் அணையின் அடிப்பகுதி அகன்றும் மேற்பகுதி குறுகியும் இருக்கும். இத்தகைய அணைகளின் வடிவத்தைக் கணிதத்தின் வழியாக வகுக்கும் முறை 1850களுக்குப் பின்னரே பிரெஞ்சுப் பொறியாளர்களாலும், பின்னர் பிரித்தானியாவின் ராங்கின் முதலியோராலும் உருவாக்கப்பட்டது. அம்முறை நூல்களில் இடம்பெற்றுச் சில பத்தாண்டுகளே ஆன நிலையில், சாலை வசதியற்ற காட்டில் அதனைப் பேரளவில் செயல்படுத்தியது பெரியாறு அணை.

பெரியாறு அணையின் முதன்மைப் பகுதி ஏறத்தாழ 1,200 அடி நீளமும், ஆழமான கடைக்காலிலிருந்து 176 அடி உயரமும் கொண்டது. வெளிப்புறம் கருங்கல் கட்டுமானமாகவும், உட்புறம் சுண்ணாம்பு, சுர்க்கி, மணல், கல்லுடைப்பு ஆகியவற்றின் கலவையாகவும் அமைந்துள்ளது. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடியாகும். சுண்ணாம்பு மட்டும் நீருக்கடியில் நன்கு இறுகாது. சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிவதால், கலவை ஈரத்திலும் இறுகும் தன்மையைப் பெறுகின்றது. உரோமானியர் எரிமலைச் சாம்பலைக் கொண்டு செய்ததும் இதே வினைதான்.

கட்டுமானப் பணி

1887 செப்டம்பரில் பணி தொடங்கியது. அணை அமையும் இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில், யானைகள் திரியும் அடர்ந்த காட்டில் இருந்தது. மிக அண்மையில் இருந்த தொடர்வண்டி நிலையங்களுள் ஒன்று அம்மையநாயக்கனூர் (இன்றைய கொடைக்கானல் ரோடு) ஆகும். அங்கிருந்து மலையடிவாரம் வரை மாட்டு வண்டிகளில் பொருள்கள் கொண்டுவரப்பட்டன. மலையடிவாரத்திலிருந்து முகட்டிற்குச் சுண்ணாம்பு முதலியவற்றை ஏற்றக் கம்பிவடப் பாதை அமைக்கப்பட்டது.

முதற் சில பருவங்களில் பணி பெரும் இடர்களைச் சந்தித்தது. கடைக்கால் எடுப்பதற்காக ஆற்றின் குறுக்கே போடப்பட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துச் சென்றது. ஒவ்வொரு முறையும் அவற்றை மீண்டும் அமைக்க வேண்டியிருந்தது. வெள்ளத்திற்கும் அடுத்த வெள்ளத்திற்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில், கட்டடம் நீர்மட்டத்திற்கு மேலே வருமாறு செய்வதே ஆண்டுதோறும் இலக்காக இருந்தது. ஒருமுறை அவ்வாறு மேலே வந்த பின்னர் பணி விரைவு பெற்றது. இதே காலத்தில் மலைமுகட்டில் ஒரு மைலுக்கும் சற்றுக் கூடுதலான நீளத்திற்குச் சுரங்கம் வெடிவைத்துக் குடையப்பட்டது.

1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பென்னிகுவிக்கிற்கு அதே ஆண்டில் சி. எஸ். ஐ. என்னும் சிறப்புப் பட்டம் வழங்கப்பட்டது.

தொழிலாளர்களின் இழப்பு

அணையைக் கட்டிய ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் பதிவாகவில்லை. சமவெளியிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களுடன், சென்னைப் படையின் பயனியர் பிரிவினரும், கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும் பணிபுரிந்தனர்.

இவர்களின் பெரும் பகை மலேரியாக் காய்ச்சலாகும். காய்ச்சல் கடுமையாகும் கோடைக் காலத்தில் ஆண்டுதோறும் பணி நிறுத்தப்பட்டு இடம் காலி செய்யப்பட்டது. காய்ச்சல் கொசுவினால் பரவுகின்றது என்பது அன்று எவருக்கும் தெரியாது. ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் இதற்கான சான்றைக் கண்டறிந்தது 1897ஆம் ஆண்டில், அதாவது அணை திறக்கப்பட்டு ஏறத்தாழ ஈராண்டுகள் கழிந்த பின்னரே. நோய்க்குக் காரணம் காட்டின் காற்றே என்று எண்ணியவர்கள், கொசுக்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள வழியறியாமல் இருந்தனர். கட்டுமானக் காலத்தில் நோயினால் 483 பேர் இறந்ததாகக் கூறப்படுகின்றது. அணைக்கு அருகில் இடுகாடு ஒன்று உள்ளது. ஊர் திரும்பிய பின் இறந்தவர்கள் இவ்வெண்ணிக்கையில் சேரவில்லை என்று கொள்வதே பொருத்தமாகும்.

நீர் வந்த பின்

சுரங்கத்திலிருந்து வெளிவரும் பெரியாற்று நீர் கம்பம் பள்ளத்தாக்கின் ஆற்றில் சேர்ந்து வைகையை அடைகின்றது. மதுரைக்கு மேற்கே பேரணை என்னும் இடத்தில் நீர் தடுக்கப்பட்டு, பெரியாற்று முதன்மைக் கால்வாயின் வழியாக நிலக்கோட்டை, மதுரை, மேலூர் வட்டங்களுக்குச் செலுத்தப்பட்டது. மானாவாரி நிலங்களாகக் கிடந்த ஊர்களில் நெல் விளைந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலமாயிற்று. 1959இல் வைகை அணை கட்டி முடிக்கப்பட்ட பின், பெரியாற்று நீரைத் தேக்கி வைத்துப் பங்கிட முடிந்தது. மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் என்னுமிடத்தில் 1950களின் இறுதியில் நீர்மின் நிலையம் அமைக்கப்பட்டது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் இந்நீரால் பயன்பெறுகின்றன. மதுரை மாநகரின் குடிநீரிலும் இதற்குப் பங்குண்டு.

இந்நீர் எல்லா ஊர்களுக்கும் ஒன்றுபோலக் கிடைக்கவில்லை. கால்வாய் நீர் மேட்டில் ஏறாது. மதுரைக்கு மேற்கே மேடாக அமைந்த உசிலம்பட்டிப் பகுதி பெரியாற்றுக் கால்வாயின் பயனைப் பெறவில்லை. அப்பகுதி மக்கள் நெடுங்காலம் கோரியதன் விளைவாகவே, வைகை அணையிலிருந்து நீர் கொண்டு செல்லும் 58 கிராமக் கால்வாய் பிற்காலத்தில் வெட்டப்பட்டது.

மலையின் மேற்கே அணையால் உருவான நீர்த்தேக்கமே இன்று தேக்கடி ஏரி என்று அழைக்கப்படுகின்றது. அதைச் சுற்றியுள்ள காடு 1978இல் பெரியாறு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

சொத்தை விற்ற கதை

பென்னிகுவிக்கைப் பற்றி மிகப் பரவலாக வழங்கும் செய்தி, அணை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதும் ஆங்கில அரசு பணம் தர மறுத்தது என்பதும், அவர் இங்கிலாந்து சென்று தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று வந்து அணையைக் கட்டி முடித்தார் என்பதும் ஆகும். பேச்சாளர்கள் பலரும் இதனை உண்மை நிகழ்ச்சியாகவே கூறி வருகின்றனர்.

இதில் உண்மையின் கூறு ஒன்று உண்டு. தற்காலிகத் தடுப்புகள் வெள்ளத்தில் சென்றதும், தொடக்க ஆண்டுகளில் திட்டம் தோல்வியுறும் என்ற ஐயம் நிலவியதும் உண்மையே. ஆனால் சொத்து விற்பனையைக் காட்டும் ஆவணம் எதுவும் இதுவரை வரலாற்று ஆய்வாளர்களால் முன்வைக்கப்படவில்லை. திட்டம் தொடக்கம் முதல் இறுதி வரை சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் துறைத் திட்டமாகவே நடைபெற்றது. இவருடன் பணிபுரிந்த பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி, திட்டத்தின் வரலாற்றை விரிவான நூலாக எழுதி 1899இல் வெளியிட்டுள்ளார்.

எளிய கணக்கு ஒன்றும் இங்கு துணைபுரியும். திட்டத்தின் செலவு 80 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டது. உயர் பொறியாளர் ஒருவருக்கு மாதம் 2,000 ரூபாய் ஊதியம் என்று கணக்கிற்காகக் கொண்டால், பென்னிகுவிக் இந்தியாவில் இருந்த 36 ஆண்டுகளுக்கும் சேர்த்து 8,64,000 ரூபாய் ஆகின்றது. அதில் ஒரு காசும் செலவிடாமல் சேர்த்திருந்தாலும் திட்டச் செலவில் ஒன்பதில் ஒரு பங்கிற்கு மேல் வராது. ஒருவரின் தனிச்சொத்தால் முடிக்கக்கூடிய பணியாக இது இருக்கவில்லை.

மதுரை நகரிலும் இதையொத்த ஒரு வினா எழுந்தது. 2021இல் நத்தம் சாலையில் உள்ள பொதுப்பணித் துறை வளாகத்தில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் கட்ட இடம் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அங்கிருந்த கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த இல்லம் என்று கூறி எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டது. அக்கட்டடம் 1912-13ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டது என்றும், பென்னிகுவிக் 1911இலேயே மறைந்துவிட்டார் என்றும் அரசு விளக்கமளித்தது. நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது.

ஆவணச் சான்று இல்லாமையால் பென்னிகுவிக்கின் பணி சிறுமை அடைவதில்லை. இயலாது என்று 1808இல் ஒதுக்கப்பட்ட ஒன்றை இயலும் என்று கணக்கிட்டுக் காட்டியதும், வெள்ளத்தையும் நோயையும் எதிர்கொண்டு எட்டு ஆண்டுகள் பணியைக் கைவிடாமல் நடத்தியதும் ஆவணங்களால் உறுதிப்படும் செய்திகளாகும். சொத்தை விற்ற கதையை வரலாறாகக் கொள்ளாமல், நீர் பெற்ற மக்களின் நன்றியுணர்வின் வெளிப்பாடாகக் கொள்வதே தகும். அக்கதை மட்டுமே நினைவில் நிற்கும்போது, காட்டில் இறந்த தொழிலாளர்களும், நிலத்தை அளித்த திருவிதாங்கூரும், வரி செலுத்தி அணையின் செலவை ஈடுசெய்த உழவர்களும் மறக்கப்படுகின்றனர்.

பிற்கால வாழ்க்கை

பென்னிகுவிக் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராகவும் அரசுச் செயலாளராகவும் உயர்ந்தார். சென்னைச் சட்டமன்ற அவையிலும் உறுப்பினராக இருந்தார். 1896இல் இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அவ்வாண்டு முதல் 1899 வரை, இந்தியப் பொதுப்பணித் துறைக்கான பொறியாளர்களைப் பயிற்றுவித்த கூப்பர்ஸ் ஹில் அரச இந்தியப் பொறியியற் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றினார். பெரியாற்றைத் திருப்பிய முறையை விளக்கும் இவரது கட்டுரை, இலண்டன் குடிசார் பொறியாளர் கழகத்தின் நடவடிக்கைக் குறிப்புகளில் 1897இல் வெளிவந்தது. 1899இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து சென்று, பிரிஸ்பேன் ஆற்றின் வெள்ளத்தைத் தடுப்பது குறித்து ஆலோசனை வழங்கினார்.

1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் காலமானார். அவரது உடல் அருகிலுள்ள பிரிம்லி ஊரின் புனித பேதுரு ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அணை பற்றிய பிணக்கு

பென்னிகுவிக் கட்டிய அணையின் வலிமை குறித்து 1979இல் கேரளத்தில் அச்சம் எழுந்தது. அதனைத் தொடர்ந்து நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, அணையை வலுப்படுத்தும் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. அணையின் மேல் கற்காரைத் தொப்பி அமைத்தல், எஃகு வடங்களால் அணையைப் பாறையோடு பிணைத்தல், பின்புறத்தில் கற்காரைச் சுவர் எழுப்பித் தாங்கு கொடுத்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். சுண்ணாம்புக் கலவை காலப்போக்கில் கரைந்து வெளியேறுகின்றது என்பதும், நில அதிர்வைத் தாங்குமா என்பதும், அணை உடைந்தால் கீழே வாழும் இலட்சக்கணக்கான மக்களின் நிலை என்ன என்பதும் கேரளத்தின் கவலைகளாகும். வலுப்படுத்தப்பட்ட அணை பாதுகாப்பானது என்பதும், நீர்மட்டத்தைக் குறைப்பதால் ஐந்து மாவட்டங்களின் உழவு பாதிக்கப்படுகின்றது என்பதும் தமிழகத்தின் வாதமாகும். நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 27 அன்று தீர்ப்பளித்தது. அதனைத் தடுக்கும் வகையில் கேரளம் இயற்றிய சட்டத் திருத்தம் செல்லாது என 2014 மே 7 அன்று தீர்ப்பளிக்கப்பட்டது.

நினைவுச் சின்னங்கள்

மதுரை தல்லாகுளத்தில் உள்ள பொதுப்பணித் துறை வளாகத்தில் பென்னிகுவிக்கிற்குச் சிலை உள்ளது. லோயர் கேம்ப்பில் தமிழக அரசு அமைத்த மணிமண்டபம் 2013 ஜனவரியில் முதல்வர் ஜெ. ஜெயலலிதாவால் திறந்து வைக்கப்பட்டது. தேனி பேருந்து நிலையத்திற்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. தமிழக அரசின் முயற்சியால் கேம்பர்லி நகரில் 2022 செப்டம்பரில் இவரது சிலை நிறுவப்பட்டது.

இவரது பிறந்த நாள் தைப் பொங்கலை ஒட்டி வருவதால், தேனி மாவட்ட ஊர்கள் சிலவற்றில் ஜனவரி 15 அன்று இவரது படத்தின் முன் பொங்கல் வைக்கும் வழக்கம் உள்ளது. பாலார்பட்டி என்னும் ஊரில் இவ்விழா சிறப்பாகக் கொண்டாடப்படுகின்றது. கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பெயரிடும் குடும்பங்களும் உள்ளன.